தாய்மாமன் திறந்த பானை

பேசச் சொல்லி என்னை இங்க உக்கார வெச்சிட்டீங்க, பேசறேன். எனக்கு முட்டிதான் போச்சு, வாய் நல்லாத்தான் இருக்குது. ஆனா அரிசிக்குத் தண்ணி எவ்ளோ, கறிக்கு உப்பு எவ்ளோன்னு எங்கிட்ட கேக்காதீங்க. கேட்டரிங் படிச்சிட்டு வந்தவங்க நீங்க, அதெல்லாம் உங்க போன்லயே கெடக்குது. போன்ல கெடைக்காதது ஒண்ணு இருக்குது. பந்தல்ல ஜனம் வந்து உக்காந்துடுச்சு, அடுப்புல ஒரு பண்டம் நாசமாப் போச்சு, அந்த நேரத்துல நம்ம வாயில இருந்து மொதல்ல இன்னா வரணும்? இன்னிக்கு அதைப் பத்தி மட்டும்தான் சொல்லப் போறேன்.

நான் மொதமொதல்ல வேலைக்குச் சேந்த மாஸ்டரு நல்ல மனுஷன்னு சொன்னா என் நாக்கு அழுகிப் போயிடும். கரண்டியாலயே அடிப்பாரு. ஞாயித்துக்கெழமை வேலை இருந்தா வாய்ல வெத்தலை, இல்லைன்னா சாராயம். ஆனா ஒரு விஷயத்துல அந்தாளு ராஜா. ஒரு கல்யாணத்துல சாம்பார் அடி புடிச்சிடுச்சு. ஆளாளுக்கு யோசனை சொல்றாங்க, வெல்லம் போடு, புளி ஊத்து, வெங்காயத்தை வதக்கிக் கொட்டுன்னு. மாஸ்டரு யாரையும் கேக்கல. நேரா பந்தலுக்குப் போனாரு, மொய் பேரு படிச்சிட்டிருந்தவன் கையில இருந்து மைக்கைப் புடுங்கினாரு. "சாம்பாரு அடி புடிச்சிடுச்சு. வத்தக்கொழம்பு வரும். கோவப்படறவங்க இப்பவே பட்டுக்குங்க, எலையில உக்காந்து பட்டா சாப்பாடு ஆறிப்பூடும்." பந்தலே சிரிச்சிடுச்சு. சம்பந்தி வீட்டுக்காரங்க வத்தக்கொழம்பை ரெண்டாவது தடவை கேட்டு வாங்கினாங்க. அன்னிக்கு நான் அவர மனசுக்குள்ள திட்டறதை ஒரு நாளைக்கு நிறுத்தி வெச்சேன்.

இப்ப என் கதைக்கு வரேன். நான் வேலையை விடறதுக்குக் கொஞ்சம் முன்னாடி நடந்தது. செஞ்சியில இருந்து அனந்தபுரம் போற வழியில ஒரு வேதக்கார வீட்டுக் கல்யாணம், கிறிஸ்தவங்க. பொண்ணு பேரு ஸ்டெல்லா. இத்தாலில நர்ஸு வேலை. அந்த ஊரு பையனையே புடிச்சிடுச்சு. மாப்பிள்ளை நல்லா ஒசரமா, வெயில்ல வெந்து தக்காளி நெறத்துல, எதைக் கேட்டாலும் சிரிச்சிக்கிட்டே நின்னான். சிக்கல் அவன் இல்ல. அவங்கம்மா.

கார்மேலான்னு பேரு. நான் சம்மந்தியம்மான்னே கூப்பிட்டேன். அந்தம்மாவுக்கு இந்தக் கல்யாணத்துல இஷ்டமில்ல. வாயைத் தெறந்து சண்டை போட்டாலாவது பரவால்ல. அது வேற மாதிரி. ஸ்டெல்லாவுக்கு அவங்க பாஷை தண்ணி பட்ட பாடு. ஆனா இந்தம்மா ஸ்டெல்லாகிட்ட நேரா ஒரு வார்த்தை பேசாது. மகன்கிட்ட சொல்லும். மகன் திரும்பி ஸ்டெல்லாகிட்ட சொல்லுவான். ரெண்டும் ஒரே பாஷை! "தண்ணி வேணுமான்னு கேளு"ன்னு மகன்கிட்ட சொல்லும், பக்கத்துலயே நிக்கற பொண்ணு காதுல வுழும், அதுவும் மகன் சொல்ற வரைக்கும் காத்திருந்து "வேணாம்"னு மகன்கிட்ட சொல்லும். பாத்துப் பாத்து எனக்கே டென்ஷன் ஏறிடுச்சு.

அப்புறம் கல்யாணத்துக்கு நாள் நெருங்கறப்போ அந்தம்மா ஒண்ணு சொல்லி அனுப்புச்சு. அவங்க வீட்டு வழக்கமாம். மருமக வர்ற அன்னிக்கு மாமியாக்காரி ஒரு மண்பானையில ஆட்டுக்கறி போட்டு, மூடியைச் சுத்தி மாவு வெச்சு அடைச்சிடுவாளாம். அடுப்புத் தணலுக்குப் பக்கத்துல அது பாட்டுக்கு வேகும். வெந்ததும் மருமக வந்து மாவை ஒடைச்சு மூடியைத் தெறக்கணும். மூடினது மாமியாரு, தெறக்கறது மருமக. நடுவுல ஒருத்தரும் கை வெக்கக் கூடாது. இதை இங்கயே, இந்தக் கல்யாணத்துலயே செய்யறேன்னு சொல்லுச்சு.

ஸ்டெல்லா என்னைத் தேடி ஓடி வந்துச்சு. "அக்கா, அவங்க வாயில இருந்து எனக்காக வந்த மொத வார்த்தை இது. எனக்கு அம்மா இல்ல. இனிமே அந்த வீட்லதான் இருக்கப் போறேன். பக்கத்துல நின்னுக்கிட்டே பேசாத மாமியாரோட எப்படிக்கா காலம் தள்ளறது? அந்தப் பானையை மட்டும் பாத்துக்குங்க"ன்னு கையைப் புடிச்சிக்கிச்சு. பிரியாணி ஊருக்கே போடறோம், ஒரு பானையைப் பாத்துக்க மாட்டோமான்னு நானும் வாக்கு குடுத்துட்டேன்.

கறி வாங்கப் போன கதையைக் கேட்டா சிரிப்பீங்க. நமக்கு இளங்கறி வேணும், வெள்ளாடு வேணும். அந்தம்மாவுக்கு வயசான செம்மறி வேணுமாம். செஞ்சியில கறிக்கடைக்காரரு என்னை மேலயும் கீழயும் பாத்தாரு. "ஏம்மா, இத்தினி வருஷம் எங்கிட்ட வாங்கினியே, என் கடைப் பேரைக் கெடுக்கணும்னு முடிவு பண்ணிட்டியா?" அப்புறம் தொண்டூர் பக்கம் ஒரு செம்மறிக்காரரைப் புடிச்சோம். குட்டி போடறதை நிறுத்திட்ட கெழட்டு ஆடு ஒண்ணு வெச்சிருந்தாரு. அந்தம்மா போச்சு, ஆட்டோட வாயைப் பொளந்தது, பல்லைத் தடவிப் பாத்துச்சு, முதுகைப் புடிச்சு அழுத்திச்சு. செம்மறிக்காரரு தோள்ல இருந்த துண்டை எடுத்துக் கையில வெச்சிக்கிட்டாரு. திரும்பி வரும்போது கோட்டை மலையைக் காட்டி மகன்கிட்ட என்னமோ சொல்லுச்சு. அவங்க ஊர்லயும் இப்படித்தானாம், மேல கோட்டை, கீழ ஆடு.

கல்யாணத்தன்னிக்கு விடியக்காலையில அந்தம்மா என் சமையக்கட்டுக்கு வந்துச்சு. புதுப் பானையை நான் கஞ்சி ஊத்திப் பழக்கி வெச்சிருந்தேன். அந்தம்மா அதைத் தட்டிப் பாத்துட்டு, என்னைப் பாத்துத் தலையை ஆட்டுச்சு. எனக்குள்ள ஒரு கெத்து வந்துடுச்சு, பொய் சொல்லுவானேன். கறி, வெங்காயம், தக்காளி, உருளைக்கெழங்கு, பெட்டியில கொண்டாந்த ஆட்டுப்பால் சீஸோட காஞ்ச தோலு, ஒரே ஒரு காஞ்ச மொளகா. அவ்ளோதான். மூடி வெச்சு, சுத்தி மாவு பூசி, அந்த மாவு மேல கட்டை வெரலால வரிசையா அழுத்திக்கிட்டே வந்துச்சு. நம்ம பிரியாணிக்குத் தம் போடற மாதிரிதான். ஆனா அடுப்பு மேல வெக்கல, தணலை ஒதுக்கி அது பக்கத்துல வெச்சுது. வெரலைத் தூக்கி எங்கிட்ட ஆட்டிட்டு, பட்டுப் பொடவை மாதிரி ஒண்ணை மாட்டிக்கிட்டுக் கோயிலுக்குப் போயிடுச்சு.

நான் பானையைப் பின்கட்டுச் சொவத்தோரமா, ஒருத்தரும் வராத எடத்துல வெச்சிருந்தேன். ரெண்டு சேரைப் போட்டு வழியையும் மறிச்சு வெச்சேன். கோட்டைக் கொரங்கு வந்தா வெரட்டக் குச்சியும் வெச்சிருந்தேன். கொரங்குக்குத்தான் பயந்தேன். தாய்மாமனை மறந்துட்டேன்.

எல்லா வீட்டுலயும் ஒருத்தர் இருப்பாரு, நீங்களும் பாக்கத்தான் போறீங்க. விசேஷம்னா சமையக்கட்டுக்குள்ள வந்து, மூடியைத் தெறந்து, ஆவியில மூஞ்சியைக் காட்டி, "உப்பு பாத்தியா?"ன்னு கேக்கலைன்னா அவருக்குச் சாப்பாடு எறங்காது. இந்த வீட்டுல அது அருளப்பன். பொண்ணோட தாய்மாமன். அம்மா இல்லாத பொண்ணைப் படிக்க வெச்சு, நர்ஸாக்கி, பிளேன் ஏத்தி விட்டவரு. நெஜமாவே பெரிய மனசு. அந்தப் பெரிய மனசுதான் என் குடியைக் கெடுத்துச்சு.

பூசையில சாமியாரு பிரசங்கத்தை ஆரம்பிச்சதும் மாமாவுக்குப் பந்தி ஞாபகம் வந்துடுச்சு. நைசா எழுந்து வந்துட்டாரு. அந்த நேரம் நான் முன்பக்கம் பிரியாணி அண்டாவுல அரிசி போட்டுக்கிட்டிருந்தேன். அந்த வேலையில அங்க இங்க திரும்ப முடியாது, உங்களுக்கே தெரியும். தம் போட்டுட்டுப் பின்கட்டுக்கு வரேன், மாவெல்லாம் துண்டு துண்டாத் தரையில கெடக்குது, ஒரு காக்கா அதைக் கொத்திக்கிட்டிருக்குது. மாமா பானையண்ட உக்காந்து கரண்டியால கிளறிக்கிட்டிருக்காரு. மூஞ்சி பூரா சந்தோஷம்.

"வாம்மா வா. நல்லவேளை நான் வந்தேன். உள்ள ஒண்ணுமே இல்ல. கறி வெள்ளையாக் கெடக்குது, பத்தியக்காரனுக்கு வெச்ச மாதிரி. ஒத்த மொளகா போட்டிருக்குது, ஒத்த மொளகா! அதைக் கொண்டுபோய்ச் சபையில வெச்சா அந்தம்மா மானம் இன்னாத்துக்கு ஆவறது? நான் சரி பண்ணிட்டேன்."

"இன்னா போட்டீங்க?"

"கொஞ்சம் மொளகாத்தூளு. கொஞ்சம் கரம் மசாலா. கொஞ்சம்தான்மா."

எட்டிப் பாத்தேன். பானை செவசெவன்னு இருந்துச்சு. சரியா அந்த நேரத்துல கோயில் பக்கம் பேண்டு சத்தம் கேட்டுச்சு. தாலி கட்டியாச்சு, பொண்ணு மாப்பிள்ளை கெளம்பிட்டாங்கன்னு அர்த்தம். மாமா துண்டை ஒதறிப் போட்டுக்கிட்டு, "நான் போயி வரவேற்கணும்"னு கெளம்பிட்டாரு.

என் செட்டுல குப்புன்னு ஒருத்தி, கைகாரி. நான் வாயைத் தெறக்கறதுக்கு முன்னாடியே மாவைப் பெசைஞ்சு எடுத்துட்டு வந்துட்டா. "அக்கா, அடைச்சிடலாம். அந்தம்மா கட்டை வெரலும் என் கட்டை வெரலும் ஒரே அகலம்தான், நான் பாத்து வெச்சிருக்கேன். அச்சு அசலா அழுத்திடறேன். காரமா இருக்குதேன்னு கேட்டா, உங்க ஊரு மொளகா வேற, எங்க ஊரு மொளகா வேற, அந்த ஒண்ணே ஊரைத் தூக்கிடும்னு சொல்லிடலாம்."

பசங்களா, இந்த எடத்துல கொஞ்சம் நில்லுங்க. குப்பு சொன்ன பொய் மட்டமான பொய் இல்ல. பலிச்சிருக்கும். வெளிநாட்டுக்காரம்மா, நம்ம மொளகாயைப் பத்தி அதுக்கு இன்னா தெரியும்? ஒருத்தரும் கண்டுபுடிச்சிருக்க மாட்டாங்க. நானும் மாவைக் கையில வாங்கிட்டேன். பேண்டு சத்தம் தெருமொனைக்கு வந்துடுச்சு. குப்பு "சீக்கிரம்க்கா, சீக்கிரம்"னு குதிக்கறா.

அப்பதான் எனக்கு ஒண்ணு உறைச்சுது. பொய் பலிச்சா இன்னா ஆகும்? அந்தம்மா எல்லார் எதிர்லயும் வாயில வெக்கும், இருமும், கண்ணுல தண்ணி ஊத்தும். தான் போட்ட ஒத்த மொளகாதான் எல்லாத்தையும் கெடுத்துச்சுன்னு நெனைச்சிக்கும். பொறந்த ஊரை விட்டு வந்து, இஷ்டமில்லாத கல்யாணத்துல, மனசை ஒரு எட்டு எறக்கி வெச்சு ஆக்கின பண்டம். அது தன் கையாலயே கெட்டுப் போச்சுன்னு நெனைச்சிக்கிட்டு அந்தம்மா ஊருக்குப் போவும். நான் காசுக்காகச் சின்னச் சின்னப் பொய்யெல்லாம் சொல்லியிருக்கேன், சாமியாரு இருந்தாலும் சொல்லுவேன். ஆனா இன்னொரு சமையக்காரியோட கை மேல பழியைத் தூக்கிப் போட எனக்கு மனசு வரல. மாவைக் குப்பு கையிலயே திருப்பிக் குடுத்துட்டு வாசலுக்குப் போயிட்டேன்.

வாசல்ல பூ தூவறாங்க, பேண்டுக்காரங்க காது கிழிய ஊதறாங்க. நான் கரிப் பொடவையோட நடுவுல போயி நின்னேன். ஸ்டெல்லாவைப் பாத்துச் சொன்னேன். "அம்மாடி, அந்தப் பானையை உங்க மாமா தெறந்துட்டாரு. மொளகாத்தூளு போட்டுட்டாரு. இதை இப்பவே உங்க மாமியார்கிட்ட சொல்லணும். எனக்கு அவங்க பாஷை வராது. நீதான் சொல்லணும்."

பொண்ணு மூஞ்சியில ரத்தமே இல்ல. "அக்கா, வேணாம்க்கா..."ன்னுச்சு.

"சாப்பிட்டுட்டுத் தெரிஞ்சிக்கறதுக்கு முன்னாடி தெரிஞ்சிக்கட்டும். சொல்லு."

ஸ்டெல்லா மாமியாரு பக்கம் திரும்பிச்சு. ரெண்டே வார்த்தை சொன்ன மாதிரி இருந்துச்சு. அந்தம்மா கோயில் பக்கம் கையைக் காட்டுச்சு. தன் தோளுக்குப் பக்கத்துல காலியா இருந்த எடத்தைத் தொட்டுக் காட்டுச்சு. ஸ்டெல்லா மூஞ்சியைப் பாத்து என்னமோ கேட்டுச்சு. நேரா. நடுவுல நின்ன மகனைத் தள்ளி வெச்சிட்டு.

"இன்னாம்மா கேக்கறாங்க?"ன்னேன்.

"நான்தான் தெறந்தேன்னு சொன்னேன்க்கா. பூசை பூரா என் தோளோட தோளா நின்னியே, எப்படி வந்து தெறந்தன்னு கேக்கறாங்க."

தலையில அடிச்சிக்கிட்டேன். "அடிப்பாவி! பொய் சொல்றதுன்னு முடிவு பண்ணா கொஞ்சம் யோசிச்சுச் சொல்லக் கூடாதா?"

"மாமா பேரை எப்படிக்கா சொல்லுவேன்? அவரு இல்லைன்னா நான் ஏது?"

அந்தம்மாவுக்குத் தமிழ் தெரியாது. ஆனா கண்ணு இருக்குதே. சுத்தி நின்ன கூட்டத்தை ஒரு பார்வை பாத்துச்சு. முன்வரிசையில அருளப்பன் மாமா வெள்ளை சில்க் சட்டையில கும்பிட்டுக்கிட்டு நிக்கறாரு. தொப்பை மேல செவப்பா அஞ்சு வெரலு. தூளு போட்ட கையைச் சட்டையிலயே தொடைச்சிருக்காரு மனுஷன். அந்தம்மா அவர் எதிர்ல போயி நின்னுச்சு. மாமா வாயெல்லாம் பல்லா, "வாங்க சம்மந்தியம்மா. டேஸ்ட்டு சரி பண்ணி வெச்சிருக்கேன்"ன்னாரு.

அப்புறம் அந்தம்மா குடுத்துச்சு பாருங்க! என் ஆயுசுல அப்படி ஒரு திட்டு நான் கேட்டதில்ல, ஒரு வார்த்தையும் புரியல, ஆனா ஒண்ணுவிடாமப் புரிஞ்சுது. பேண்டுக்காரன் ஊதறதை நிறுத்திட்டான். அந்த ஊர்ல மாமாவை எதிர்த்து எவனும் பேசினதில்ல. மாமா மொதல்ல சிரிச்சாரு, அப்புறம் சட்டையைக் குனிஞ்சு பாத்தாரு, அப்புறம் தலையை நிமித்தவே இல்ல. ஸ்டெல்லா "மாமா, நான்..."ன்னு ஆரம்பிச்சுது. அவரு கையைக் காட்டி நிறுத்தினாரு. "விடு பாப்பா. தப்புதான்"ன்னாரு.

அந்தம்மா அவரு கையைப் புடிச்சு இழுத்துக்கிட்டுப் பின்கட்டுக்கு வந்துச்சு. குப்பு கையில இருந்த மாவைப் புடுங்கி மாமா கையில வெச்சுது. பானையில இருந்து ஒரு சொட்டு நாக்குல வெச்சுப் பாத்துச்சு, இருமுச்சு, ஏசுவைக் கூப்புட்டுச்சு. மேல நின்ன செவப்புத் தண்ணியை மொண்டு கீழ ஊத்திட்டு, தக்காளியும் உருளைக்கெழங்கும் இன்னும் போடச் சொல்லிச் சைகை காட்டுச்சு. நான் தேங்காப்பால் ஊத்தலாமான்னு காட்டினேன். கரண்டியை ஓங்குச்சு. சரி வேணாம்னு ஒதுங்கிட்டேன். மூடியை வெச்சதும் மாமா மாவு பூசினாரு. பொறந்ததுல இருந்து ஒரு டம்ளரைக் கூடக் கழுவாத மனுஷன், பத்திரத்துல கைநாட்டு வெக்கிற மாதிரி வெளிம்பு பூரா கட்டை வெரலை அழுத்திக்கிட்டே போனாரு. அந்தம்மா ஒரு முக்காலியைப் போட்டு, என் கொரங்குக் குச்சியை மடியில வெச்சிக்கிட்டுப் பானைக்குக் காவல் உக்காந்துடுச்சு. ஊரு ஜனம் பிரியாணி சாப்பிட்டுக் கை கழுவிட்டுப் போயிடுச்சு, அந்தம்மா எழுந்திருக்கல. ஸ்டெல்லாவும் கல்யாணப் பொடவையோட தரையில பக்கத்துல உக்காந்துக்கிச்சு. மாமா ஒரு தடவை தண்ணி குடிக்கற சாக்குல அந்தப் பக்கம் வந்தாரு. குச்சி எழுந்துச்சு, மாமா திரும்பிட்டாரு.

வெயில் தாழ ஸ்டெல்லா மாவை ஒடைச்சு மூடியைத் தெறந்துச்சு. வீட்டு ஜனம் மட்டும் சுத்தி உக்காந்தோம். ருசி பிரமாதம்னு சொன்னா அது பச்சைப் பொய். அவங்க ஊரு சாப்பாடும் இல்ல, நம்ம ஊரு சாப்பாடும் இல்ல. ஆனா அந்தக் கெழட்டு ஆட்டுக்கறி எலும்பை விட்டுத் தானாக் கழண்டு வந்துச்சு, அது மட்டும் சத்தியம். மாமா மட்டும் ரெண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டுட்டு, "இப்பதான் சாப்பாடு மாதிரி இருக்குது"ன்னு மெதுவாச் சொன்னாரு. நல்லவேளை அதை யாரும் மொழிபெயர்க்கல.

அந்தம்மா மூக்கைச் சிந்திக்கிட்டே தட்டைக் காலி பண்ணுச்சு. அப்புறம் ஸ்டெல்லா தோள் மேல கையைப் போட்டு என்னமோ சொல்லுச்சு. ஸ்டெல்லா தலையைக் குனிஞ்சிக்கிட்டுக் கண்ணைத் தொடைச்சுது.

"இன்னாம்மா சொன்னாங்க?"

"ஒண்ணுமில்லக்கா."

"ஒண்ணுமில்லாததுக்கா அழற? காலையில இருந்து இந்தப் பானைக்கு நான் பட்ட பாட்டுக்கு எனக்குத் தெரியணும். சொல்லு."

"உனக்குப் பொய் சொல்லவே வரல. என் வீட்டுச் சாவியை உங்கிட்ட தைரியமாக் குடுக்கலாம்னு சொல்றாங்கக்கா."

மாப்பிள்ளைதான் பாவம். நடுவுல நின்னு ஒரே பாஷையை அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் சொல்லிக்கிட்டிருந்தானே, அன்னியோட அவனுக்கு அந்த வேலை போயிடுச்சு.